சொந்தமாகக் கட்டிய விமானத்தில் ஏடிஎஸ்-பி: பெட்டி வாங்குவது முதல் அறிக்கை வரும்வரை

அமெரிக்காவில் தன் கையால் விமானம் கட்டிப் பறப்பவருக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. செஸ்னா, பைப்பர் போன்ற தொழிற்சாலை விமானத்தில் புதிதாக ஒரு கருவி பொருத்த வேண்டுமானால் அந்த மாடலுக்கு ஒப்புதல் இருக்கிறதா, பொருத்துபவருக்கு உரிமம் இருக்கிறதா என்று பல கதவுகளைத் தட்ட வேண்டும். சொந்தமாகக் கட்டியவை வரும் எக்ஸ்பெரிமென்டல் பிரிவில் பதிவான விமானத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கேரேஜில் நீங்களே துளை போட்டு, நீங்களே வயர் இழுத்து, நீங்களே லாக் புக்கில் எழுதிக்கொள்ளலாம்.

ஏடிஎஸ்-பி விஷயத்தில் அந்தச் சலுகை பாதி தூரம்தான் கூட வரும். பெட்டியில் அரசு முத்திரை இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அது வானில் அனுப்பும் தகவலின் தரத்தில் ஒரு துளி தள்ளுபடியும் கிடையாது. போயிங் விமானத்துக்கு என்ன அளவுகோலோ, உங்கள் இரண்டு இருக்கை விமானத்துக்கும் அதேதான். அந்த அளவுகோலை எட்டிவிட்டோம் என்று உறுதி செய்யும் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: ஏடிஎஸ்-பி அவுட் என்பது விமானம் தன் இருப்பிடத்தை ஜிபிஎஸ் மூலம் தெரிந்துகொண்டு, உயரம், வேகம், அடையாளம் ஆகியவற்றோடு சேர்த்து, பறக்கும்போது நொடிக்கு ஒரு முறையாவது தானே ஒலிபரப்புவது. ஏடிஎஸ்-பி இன் என்பது மற்றவர்களின் ஒலிபரப்பைக் கேட்பது. சட்டம் கேட்பது அவுட் மட்டும்தான். இன் உங்கள் விருப்பம்.

எடுத்துக்காட்டாக வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-7 விமானத்தை வைத்துக்கொள்வோம். அலுமினிய உடல், இரண்டு இருக்கை, உலகில் அதிகமாகக் கட்டப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஃபைபர் உடல் விமானங்களுக்கு எங்கே வழி மாறுகிறதோ, அங்கே தனியாகச் சொல்கிறேன்.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

அமெரிக்க விமானத் துறை நிர்வாகமான எஃப்ஏஏ 2010 மே மாதத்தில் விதியை வெளியிட்டது. 2020 ஜனவரி தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. விமான விதித் தொகுப்பின் 91.225 பிரிவு எந்த வான்வெளியில் தேவை என்று சொல்கிறது, 91.227 பிரிவு எந்தத் தரத்தில் தேவை என்று சொல்கிறது. இந்த இரண்டையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள், நீளமானவை அல்ல.

சுருக்கம் இது. ஏ (18,000 அடிக்கு மேல்), பி (மிகப் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி), சி (நடுத்தர விமான நிலையங்களைச் சுற்றி) வகுப்பு வான்வெளிகளில் தேவை. பி வகுப்பின் மையமான பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல் வட்டத்துக்குள், தரையிலிருந்து 10,000 அடி வரை தேவை. சி வகுப்பின் மேற்கூரைக்கு மேலேயும் 10,000 அடி வரை தேவை. அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த நாற்பத்தெட்டு மாநிலங்களுக்கு மேல் இ வகுப்பில் (மற்ற கட்டுப்பாட்டு வான்வெளி), கடல் மட்டத்திலிருந்து 10,000 அடிக்கு மேல் போனால் தேவை. ஆனால் மலைப்பகுதிகளில் தரையிலிருந்து 2,500 அடிக்குள் பறந்தால் விலக்கு. மெக்சிகோ வளைகுடாக் கரையோரத்துக்குத் தனி விதி ஒன்று இருக்கிறது.

எஞ்சின் ஓட்டும் மின்சார அமைப்பு இல்லாமலே சான்று பெற்ற விமானங்களுக்கு ஓரளவு விலக்கு உண்டு. அவை 30 மைல் வட்டத்துக்குள் பறக்கலாம். ஆனால் பி, சி வகுப்பு வான்வெளிக்குள் நுழைய முடியாது. ஆல்டர்னேட்டர் வைத்த ஆர்வி-7க்கு இது பொருந்தாது.

நீங்கள் இருப்பது ஒதுக்குப்புறமான ஊர், பறப்பதும் தாழ்வாகத்தான் என்றால் சட்டப்படி இல்லாமலே இருக்கலாம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: ஒருமுறை பொருத்திவிட்டால், எங்கே பறந்தாலும் அது இயங்கியே இருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அதிகாரி அணைக்கச் சொன்னாலோ, எஃப்ஏஏ அனுமதி தந்தாலோ தவிர, தேவையில்லாத இடத்தில் அணைத்துக்கொள்ளலாம் என்ற வசதி கிடையாது.

1090 வேண்டுமா, 978 வேண்டுமா?

அமெரிக்காவில் இரண்டு அலைவரிசைகள் அனுமதிக்கப்படுகின்றன. ஒன்று 1090 மெகாஹெர்ட்ஸ். மோட் எஸ் டிரான்ஸ்பாண்டரின் (ரேடார் கேட்கும்போது அடையாளத்தையும் உயரத்தையும் பதிலாக அனுப்பும் கருவி) நீட்டிக்கப்பட்ட செய்தியாகவே இருப்பிடம் போகும். இதன் தர ஆவணம் டிஎஸ்ஓ-சி166பி. மற்றொன்று 978 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் யூஏடி; இதற்கு டிஎஸ்ஓ-சி154சி. 18,000 அடிக்கு மேல் 1090 மட்டுமே செல்லும். கீழே இரண்டும் சரி.

யூஏடி மலிவு என்று பலரும் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். ஒரு சூழ்நிலையில் அது நியாயம்: ஏற்கெனவே நல்ல மோட் சி (பழைய வகை) டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது, பேனலைக் கலைக்க மனமில்லை. அப்போது கார்மின் ஜிடிஎல் 82 போன்ற பெட்டியைப் பழைய டிரான்ஸ்பாண்டருக்கும் அதன் ஆன்டெனாவுக்கும் நடுவே செருகலாம். யூஅவியோனிக்ஸ் நிறுவனத்தின் ஸ்கைபீக்கன் இறக்கை நுனி விளக்கின் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, டிரான்ஸ்பாண்டரின் குறியீட்டை மின்வயர் வழியாகவே மோப்பம் பிடிக்கும். கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் விளக்கு இறக்கை நுனிக்குள் குழிந்து, கண்ணாடி மூடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் அப்படியே மாட்ட முடியாது. வாங்குவதற்கு முன் நுனியைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, யூஏடி டிரான்ஸ்பாண்டருக்கு மாற்று அல்ல. அது கூடுதல் பெட்டி. டிரான்ஸ்பாண்டரும் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் என் கருத்தில் கேள்வியே இல்லை, 1090தான். எப்படியும் டிரான்ஸ்பாண்டர் வாங்கத்தான் போகிறீர்கள். ஒரே பெட்டி, ஒரே ஆன்டெனா. உலகின் மற்ற நாடுகளும் 1090 பக்கம்தான். கனடாவுக்குப் பறக்கும் ஆசை இருந்தால் அங்கே யூஏடி செல்லாது. அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

1090 டிரான்ஸ்பாண்டரில் வகுப்பு என்று ஒன்று உண்டு. இரண்டாம் வகுப்புப் பெட்டி 15,000 அடிக்குக் கீழும் 175 நாட் வேகத்துக்குக் கீழும் பறக்கும் விமானங்களுக்கானது. ஆர்வி-7 கடல் மட்டத்தில் முழு வேகத்தில் ஓடினால் 175 நாட்டைத் தாண்டிவிடும். எனவே டிரிக் நிறுவனத்தின் சிறு பெட்டிகளில் டிடி21ஐ விட்டுவிட்டு 250 வாட் டிடி22ஐ எடுங்கள். டைனான் ஸ்கைவியூ மின்னணுக் கருவித் திரை வைத்திருப்பவர்களுக்கு அதே குடும்பத்துப் பெட்டிதான் டைனான் பெயரில் வருகிறது. கார்மின் ஜி3எக்ஸ் வைத்திருப்பவர்கள் ஜிடிஎக்ஸ் 45ஆர் பக்கம் போவார்கள். திரை எந்த நிறுவனமோ, டிரான்ஸ்பாண்டரும் அதே குடும்பமாக இருந்தால் தலைவலி பாதி குறையும்.

ஜிபிஎஸ்: இங்கேதான் எல்லாமே

டிரான்ஸ்பாண்டரை ஒரு தபால்காரர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை எழுதுவது ஜிபிஎஸ். கடிதம் பொய் என்றால் தபால்காரர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தும் பயனில்லை.

கையடக்க ஜிபிஎஸ்ஸும், திரைக்கு வரைபடம் காட்டும் சாதாரண ஜிபிஎஸ்ஸும் துல்லியத்தில் குறைந்தவை அல்ல. பெரும்பாலான நேரம் சில மீட்டருக்குள் சரியாகவே காட்டும். அவற்றால் முடியாதது வேறு: தான் தவறாக இருந்தால் அதைத் தானே கண்டுபிடித்து, உரிய நேரத்தில் எச்சரிப்பது. 91.227 கேட்பது அந்த நம்பகத்தன்மையைத்தான். ஐந்து எண்கள்:

என்ஏசி-பி குறைந்தது 8. இருப்பிடத் துல்லியம் 0.05 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 93 மீட்டருக்குள்.

என்ஏசி-வி குறைந்தது 1. வேகத்தில் பிழை நொடிக்கு 10 மீட்டருக்குள்.

என்ஐசி குறைந்தது 7. விமானம் நிச்சயமாக இந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆரம் 0.2 கடல் மைலுக்குள், சுமார் 370 மீட்டர்.

எஸ்ஐஎல் 3. எச்சரிக்கை எதுவும் இல்லாமல் விமானம் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் வாய்ப்பு ஒரு கோடியில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது.

எஸ்டிஏ குறைந்தது 2. கருவிகளின் கோளாறால் பொய்த் தகவல் போகும் வாய்ப்பு, பறக்கும் மணிக்கு ஒரு லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது.

முதல் மூன்றும் பறக்கும்போது மாறிக்கொண்டே இருப்பவை. ஜிபிஎஸ் கணக்கிட்டு அனுப்பும். கடைசி இரண்டும் அப்படி அல்ல. எஸ்ஐஎல், எஸ்டிஏ இரண்டும் கருவியை வடிவமைத்த விதத்தைப் பொறுத்தவை; அவற்றைப் பறக்கும்போது அளக்க முடியாது. அதனால் பல பெட்டிகளில் பொருத்துபவர் அமைப்புப் பக்கத்தில் தானே அந்த எண்ணைப் போட வேண்டியிருக்கும். சபலம் நுழையும் இடமும் அதுதான். சாதாரண ஜிபிஎஸ்ஸை இணைத்துவிட்டு எஸ்ஐஎல் 3 என்று போட்டுவிட்டால், பறந்தபின் எஃப்ஏஏ தரும் அறிக்கைகூடச் சிவப்பு இல்லாமல் பச்சையாக வரக்கூடும். ஆனால் அது பொய்ச் சான்று. கட்டுப்பாட்டு அதிகாரி அந்த எண்ணை நம்பித்தான் இன்னொரு விமானத்தை உங்கள் பக்கத்தில் விடுகிறார். விதியை மீறுகிறோம் என்பதைவிட எனக்கு உறுத்துவது இதுதான்.

சரி, எதை வாங்குவது? டிஎஸ்ஓ-சி145 அல்லது சி146 பெற்ற வாஸ் (செயற்கைக்கோள் வழியாகத் திருத்தம் பெறும்) ஜிபிஎஸ் ஏற்கெனவே பேனலில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். உங்கள் டிரான்ஸ்பாண்டருடன் அது சேர்ந்து வேலை செய்யும் என்று உற்பத்தியாளர் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் எக்ஸ்பெரிமென்டல் விமானங்களுக்கென்றே வந்த மலிவான பெட்டிகள் உண்டு: கார்மின் ஜிபிஎஸ் 20ஏ, டைனானின் எஸ்வி-ஜிபிஎஸ்-2020, டிரிக் டிஎன்72. இவற்றில் முழு முத்திரை இல்லாவிட்டாலும், விதி கேட்கும் செயல்திறன் இருக்கிறது என்று உற்பத்தியாளரே எழுதித் தருகிறார். அந்த ஒரு பக்கத் தாளை அச்செடுத்து விமானத்தின் கோப்பில் வைத்துவிடுங்கள். யாராவது கேட்டால் அதுதான் பதில்.

டைனானின் பழைய ஜிபிஎஸ்-250ம் புதிய 2020ம் அருகருகே வைத்தால் தூரத்தில் இருந்து வித்தியாசம் தெரியாது; பழையது இந்த விதிக்கு உதவாது. பழைய பாகங்கள் வாங்குபவர்கள் லேபிளைத் திருப்பிப் பாருங்கள்.

பிரிட்டனில் நண்பர்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பறக்கும் கையடக்க ஒலிபரப்பிகளைப் பார்த்து இங்கேயும் அப்படிச் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே ஒருவர் கண்ணில் ஒருவர் படுவதற்காக அதை ஊக்குவிக்கிறார்கள். அமெரிக்க விதியை அது நிறைவு செய்யாது.

ஆன்டெனா, கேபிள்

டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனா வயிற்றுப் பக்கம், ஜிபிஎஸ் ஆன்டெனா முதுகுப் பக்கம். இது எல்லாருக்கும் தெரியும். விஷயம் விவரங்களில் இருக்கிறது.

1090 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 27.5 சென்டிமீட்டர். ஆன்டெனா அதில் கால் பங்கு, ஏழு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. கால் அலை ஆன்டெனாவின் மறுபாதி அதன் அடியில் இருக்கும் உலோகப் பரப்புதான். ஆர்வி-7ல் அலுமினியத் தோலே அந்த வேலையைச் செய்துவிடும். ஃபைபர்கிளாஸ் கிளாஸேர், லாங்-ஈஸி போன்ற விமானங்களில் தோலின் உள்பக்கம் அலுமினியத் தகடோ செப்பு வலையோ ஒட்ட வேண்டும். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். சிலர் உள்ளங்கை அகலத் தகடு வைத்து முடித்துவிடுகிறார்கள். நான்கு பக்கமும் 35 சென்டிமீட்டராவது இருக்கும்படி வைத்தால் நிம்மதி. அதோடு, ஃபைபர் விமானத்தில் ஆன்டெனாவை இருக்கைக்கு நேர் கீழே வைக்காதீர்கள். தடுப்பதற்கு உலோகம் இல்லை, உங்கள் உடல்தான் இருக்கும்.

அலுமினியத்தில் ஆன்டெனா உட்காரும் இடத்தில் பெயின்டையும் பிரைமரையும் சுரண்டி வெறும் உலோகமாக்குங்கள். மெல்லிய தோலுக்குப் பின்னால் வலுவூட்டும் டப்ளர் தகடு வைத்து ரிவெட் அடியுங்கள். பொருத்தி முடித்தபின் விளிம்பில் சீலன்ட். எக்ஸாஸ்ட் குழாய்க்கு நேர் பின்னால் வைத்தால் கரியும் எண்ணெயும் படிந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். லேண்டிங் கியர் காலுக்குப் பின்னால் ஒளித்தால் அந்தத் திசையில் இருக்கும் நிலையத்துக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

கேபிள் ஆர்ஜி-400. பழைய ஆர்ஜி-58 கேரேஜில் சுருண்டு கிடந்தாலும் அதைத் தொடாதீர்கள். இந்த அலைவரிசையில் அது சக்தியைக் குடித்துவிடும். டிரான்ஸ்பாண்டர் உற்பத்தியாளர்கள் கேபிளில் எவ்வளவு இழப்பு வரை பரவாயில்லை என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். டிரிக் பெட்டிகளுக்கு அது 1.5 டெசிபெல், ஆர்ஜி-400ல் சுமார் இரண்டரை மீட்டர் வரும். அதற்கு மேல் தேவைப்பட்டால் தடித்த, இழப்பு குறைந்த கேபிள் வாங்க வேண்டும், அல்லது பெட்டியையே ஆன்டெனா பக்கம் நகர்த்த வேண்டும். டிடி22 மாதிரி ரிமோட் பெட்டிகளின் அழகே அதுதான்: கட்டுப்படுத்தும் முகம் பேனலில், பெட்டி இருக்கைக்குப் பின்னால். கனெக்டரைச் சரியான கிரிம்ப் கருவியால் அமுக்குங்கள். இடுக்கியால் அமுக்கிய கனெக்டர் தரையில் வேலை செய்யும், அதிர்வில் கழன்று வரும்.

ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும். ஆர்வி கட்டுபவர்களில் பலர் அழகுக்காக அதை எஞ்சின் மூடியின் அடியில், ஃபயர்வாலுக்கு (எஞ்சினையும் இருக்கைப் பகுதியையும் பிரிக்கும் தடுப்பு) முன்னால் சிறு தட்டு வைத்துப் பொருத்துகிறார்கள். ஃபைபர்கிளாஸ் மூடி சிக்னலை விடும், கார்பன் ஃபைபர் விடாது, உலோகத் துகள் கலந்த பெயின்டும் கெடுக்கும். எஞ்சின் வெப்பமும் ஆன்டெனாவுக்கு நல்லதல்ல. கேனோப்பிக்கு (இருக்கைகளுக்கு மேலே உள்ள கண்ணாடி மூடி) பின்னால் உடலின் மேல்பகுதியில் வைப்பதே எனக்குப் பிடித்த இடம். அழகு கொஞ்சம் குறையும்தான். ஆனால் அந்த இடத்தில் எந்தத் திருப்பத்திலும் வானத்தை மறைக்க எதுவும் இல்லை.

வயரிங்

இது சின்ன வேலை. ஜிபிஎஸ் அனுப்பும் பின்னை டிரான்ஸ்பாண்டர் வாங்கும் பின்னோடு இணையுங்கள், இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் கொடுங்கள், இரண்டு பக்கமும் ஒரே வேகம், ஒரே செய்தி வடிவம் என்று அமையுங்கள். ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரடியாக டிரான்ஸ்பாண்டருக்கு வயர் போகட்டும். நடுவில் திரை வழியாகச் சுற்றிவிட உற்பத்தியாளரே சொல்லியிருந்தால் ஒழிய அப்படிச் செய்யாதீர்கள். ஜிபிஎஸ் அளந்த கணத்துக்கும் ஒலிபரப்பு போகும் கணத்துக்கும் இடையே அதிகபட்சம் 2 நொடி. அதில் ஈடுசெய்யப்படாத தாமதம் 0.6 நொடிக்குள். வழியில் ஒவ்வொரு பெட்டியும் கொஞ்சம் நேரத்தைத் தின்னும்.

உயரம் ஜிபிஎஸ்ஸிலிருந்து வராது, காற்றழுத்தத்திலிருந்து வரும். திரையில் உள்ள கணினியே உயரத்தை சீரியல் வயரில் கொடுத்தால் 25 அடி நுணுக்கத்தில் போகும். உயரத்தைக் குறியீடாக்கி அனுப்பும் பழைய பல வயர் என்கோடர் 100 அடிப் படிகளில்தான் பேசும். விமானம் தரையில் இருக்கிறதா, வானில் இருக்கிறதா என்று டிரான்ஸ்பாண்டருக்குத் தெரிய ஒரு வழி வேண்டும்: காற்று வேகம், ஜிபிஎஸ் வேகம், அல்லது இரண்டும் சேர்ந்த கணக்கு. இதைக் கையேட்டில் பார்த்து இணையுங்கள்.

அமைப்புப் பக்கம்: அவசரப்படாதீர்கள்

வயரிங் முடிந்து திரையில் உயிர் வந்ததும் உற்சாகத்தில் இந்தப் பக்கத்தை நாலு நிமிடத்தில் முடித்துவிடுவது வழக்கம். அறிக்கையில் வரும் சிவப்புக் கட்டங்களில் பல, ஆன்டெனாவிலிருந்து அல்ல, இந்தப் பக்கத்திலிருந்து வருபவை. உட்கார்ந்து நிதானமாகப் போடுங்கள்.

முதலில் 24 பிட் ஐசிஏஓ முகவரி, அதாவது விமானத்தின் சர்வதேச அடையாள எண். ஒவ்வொரு விமானப் பதிவெண்ணுக்கும் ஒன்று. எஃப்ஏஏ பதிவுத் தளத்தில் உங்கள் எண்ணைத் தேடினால் மோட் எஸ் குறியீடு இரண்டு வடிவில் இருக்கும்: எட்டு இலக்க ஆக்டல், ஆறு இலக்க ஹெக்ஸ். அமெரிக்க விமானம் என்றால் ஆக்டல் 5ல் தொடங்கும், ஹெக்ஸ் ஏ என்ற எழுத்தில் தொடங்கும். உங்கள் பெட்டி எந்த வடிவத்தைக் கேட்கிறது என்று பார்த்துப் போடுங்கள். பழைய டிரான்ஸ்பாண்டர் வாங்கியவர்கள் கவனிக்க: உள்ளே முந்தைய விமானத்தின் முகவரி அப்படியே இருக்கும். மாற்றாமல் பறந்தால் வானில் நீங்கள் வேறொருவர். கட்டும்போது ஒரு பதிவெண், பிறகு மனம் மாறி வேறு பதிவெண் வாங்கினால் முகவரியும் மாறும்.

அடுத்தது ஃப்ளைட் ஐடி. பதிவெண் அப்படியே, முதல் எழுத்தான N சேர்த்து, இடைவெளி இல்லாமல், கோடு இல்லாமல். அமெரிக்கப் பதிவெண்களில் ஐ, ஓ என்ற எழுத்துகளே கிடையாது. எனவே வட்டமாக இருப்பது எப்போதும் பூஜ்யம்தான். திரையில் ஓ எழுத்தைப் போட்டுவிடாதீர்கள்.

எமிட்டர் வகை: 15,500 பவுண்டுக்குக் கீழான விமானம் என்பதால் லைட், அதாவது ஏ1. நீள அகலக் குறியீட்டில் மிகச் சிறியது. ஆர்வி-7 நீளத்தில் 15 மீட்டருக்குள், இறக்கை அகலத்தில் 23 மீட்டருக்குள் தாராளமாக அடங்கிவிடும். அதிகபட்ச வேகம் 150 முதல் 300 நாட் வரையான கட்டம். ஜிபிஎஸ் ஆன்டெனா மூக்கிலிருந்து எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று கேட்டால் டேப் வைத்து அளந்து போடுங்கள்.

எஸ்ஐஎல், எஸ்டிஏ: உற்பத்தியாளர் தந்த ஆவணத்தில் உங்கள் ஜிபிஎஸ்ஸுக்கு என்ன எண் போட்டிருக்கிறதோ அதேதான். ஒன்று கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

பலர் கண்ணில் படாத ஒரு கட்டம் உண்டு: விமானத்தில் ஏடிஎஸ்-பி இன் இருக்கிறதா, எந்த அலைவரிசையில் என்று கேட்கும். தரை நிலையங்கள் உங்களைச் சுற்றி 15 கடல் மைல் ஆரம், மேலும் கீழும் 3,500 அடி வரை உள்ள மற்ற விமானங்களின் தகவலை உங்களுக்கென்று தொகுத்து அனுப்பும். நீங்கள் கேட்கக்கூடியவர் என்று உங்கள் அவுட் சொன்னால்தான் அது நடக்கும். இந்தக் கட்டத்தை விட்டுவிட்டு, பிறகு டேப்லெட்டில் பாதி விமானங்கள் தெரியவில்லை என்று இன் பெட்டியைத் திட்டுபவர்கள் அதிகம். இலவச வானிலைத் தகவல் 978ல் மட்டும்தான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். 1090 அவுட் வைத்தாலும் 978 இன் வைத்துக்கொள்ளலாம்.

தரையில் சோதனை

டிரான்ஸ்பாண்டர் சோதனையை நீங்களே செய்துவிட முடியாது. கட்டியவருக்குக் கிடைக்கும் ரிப்பேர்மேன் சான்றிதழ் வருடாந்தர ஆய்வுக்கானது, 91.413 கேட்கும் 24 மாதச் சோதனையைச் சான்று பெற்ற ரிப்பேர் ஸ்டேஷன் செய்ய வேண்டும். புதிதாகப் பொருத்தியபின்னும் உயரம் சரியாகப் போகிறதா என்ற சோதனை தேவை. மேகத்துக்குள் கருவி பார்த்துப் பறக்கும் எண்ணம் இருந்தால் 91.411 கேட்கும் உயரமானிச் சோதனையையும் அதே நாளில் முடித்துக்கொள்ளுங்கள். வரும் டெக்னீஷியனிடம் ஏடிஎஸ்-பி செய்திகளையும் படிக்கக்கூடிய கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஐசிஏஓ முகவரி, ஃப்ளைட் ஐடி, எமிட்டர் வகை ஆகியவற்றை அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டாட்டிக் குழாயில் (வெளிக்காற்றின் அழுத்தத்தை உயரமானிக்குக் கொண்டுவருவது) உறிஞ்சி உயரத்தைப் போலியாக ஏற்றும்போது, டிரான்ஸ்பாண்டர் அந்தப் போலி உயரத்தை வெளியே ஒலிபரப்பினால் மேலே போகும் பயணி விமானத்தின் மோதல் எச்சரிக்கைக் கருவி அதை நிஜமென்று நம்பிவிடும். இப்படி நடந்திருக்கிறது. சோதனையின்போது ஆன்டெனாவை மூடி, சிக்னல் சோதனைக் கருவிக்கு மட்டும் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பறந்து, அறிக்கை வாங்குதல்

எஃப்ஏஏ இதை இலவசமாகத் தருகிறது: பொது ஏடிஎஸ்-பி செயல்திறன் அறிக்கை, சுருக்கமாக பிஏபிஆர். தரை நிலையங்களுக்குத் தெரியும் உயரத்தில், முடிந்தால் விதி பொருந்தும் வான்வெளியில், அரை மணிக்குக் குறையாமல் பறங்கள். நேர்கோட்டில் மட்டும் போகாமல் இரண்டு பக்கமும் திருப்பங்கள், ஏற்றம், இறக்கம் எல்லாம் இருக்கட்டும். ஆன்டெனாவின் நிழல் அப்போதுதான் தெரியும். யூஏடி வைத்திருப்பவர்கள் அடையாளம் மறைக்கும் அனானிமஸ் வசதியை அணைத்துவிட்டுப் பறக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் பறப்பை எஃப்ஏஏவால் அடையாளம் காண முடியாது. இறங்கியதும் எஃப்ஏஏ தளத்தில் பதிவெண், தேதி, கருவி விவரம் போட்டுக் கேட்டால் மின்னஞ்சலில் வரும்.

அறிக்கையைத் திறந்ததும் சிவப்பைத் தேடுங்கள். என்ஐசியும் என்ஏசி-பியும் அடிக்கடி சரிந்தால் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் இடத்தையும் கேபிளையும் சந்தேகியுங்கள். திருப்பங்களில் மட்டும் சரிந்தால் ஏதோ மறைக்கிறது. காற்றழுத்த உயரம் இல்லை என்றால் என்கோடர் வயர். ஸ்குவாக் குறியீடு (டிரான்ஸ்பாண்டரில் போடும் நான்கு இலக்க எண்) பொருந்தவில்லை என்று வந்தால் யூஏடி பெட்டி டிரான்ஸ்பாண்டரைச் சரியாக மோப்பம் பிடிக்கவில்லை. பறக்கும்போது தரையில் இருப்பதாகக் காட்டினால் காற்று-தரை அமைப்பு. ஐசிஏஓ முகவரியிலோ ஃப்ளைட் ஐடியிலோ சிவப்பு என்றால் மேலே சொன்ன அமைப்புப் பக்கத்துக்குத் திரும்புங்கள், வேறு காரணம் அபூர்வம்.

சிவப்பை அலட்சியம் செய்து பறந்துகொண்டே இருந்தால் எஃப்ஏஏ உங்கள் விமானத்தைச் சேவை மறுக்கப்படும் பட்டியலில் போடலாம். அப்புறம் உங்கள் ஒலிபரப்பைக் கட்டுப்பாட்டு மையம் பயன்படுத்தாது, மற்ற விமானங்களின் தகவலும் உங்களுக்கு வராது.

தாள் வேலை

லாக் புக்கில் என்ன பொருத்தினீர்கள், மாடல், மென்பொருள் பதிப்பு, எங்கே பொருத்தினீர்கள் என்று எழுதுங்கள். எடை, ஈர்ப்பு மையக் கணக்கைத் திருத்துங்கள். கருவிப் பட்டியலில் சேருங்கள். ஏற்கெனவே பறக்கும் விமானம் என்றால் எஃப்ஏஏ அதற்குத் தந்த ஆபரேட்டிங் லிமிடேஷன்ஸ் தாளில் பெரிய மாற்றம் பற்றிய பத்தியைப் படியுங்கள். ஒரு டிரான்ஸ்பாண்டரும் ஜிபிஎஸ்ஸும் பொருத்துவது பொதுவாக அதில் சேராது, ஆனாலும் உங்கள் தாள் என்ன சொல்கிறது என்று நீங்களே பார்த்துவிடுவது நல்லது. உற்பத்தியாளரின் தாள், 91.413 சோதனைத் தாள், பச்சையாக வந்த பிஏபிஆர் மூன்றையும் ஒரே உறையில்.

பிறகு

வழியில் கருவி செத்துவிட்டது, வீடு 30 மைல் வட்டத்துக்குள் இருக்கிறது என்றால் அடாப்ட் என்ற இணையக் கருவியில் விலக்கு கேட்கலாம். புறப்பட 24 மணிக்கு முன்னும் கேட்க முடியாது, ஒரு மணிக்கும் குறைவாக இருக்கும்போதும் கேட்க முடியாது. டிரான்ஸ்பாண்டர் உயரத்தோடு வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். கேட்டவுடன் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

கனடா கதை வேறு. அங்கே ஏ வகுப்பில் 2023 ஆகஸ்டிலிருந்தும், பி வகுப்பில் 2024 மே மாதத்திலிருந்தும் ஏடிஎஸ்-பி கட்டாயம். அவர்கள் செயற்கைக்கோள் வழியாகக் கேட்கிறார்கள். வயிற்றுக்கு அடியில் இருக்கும் ஒரே ஆன்டெனா வானத்தை நோக்கிச் சரியாகப் பேசாது என்பதால், முதுகிலும் ஆன்டெனா உள்ள டைவர்சிட்டி டிரான்ஸ்பாண்டர் வேண்டும், அல்லது யூஅவியோனிக்ஸ் டெயில்பீக்கன்எக்ஸ் போல வாலில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசும் கருவி வேண்டும். அங்கே அந்த வான்வெளிகளில் பறக்கும் திட்டம் இருந்தால் இன்றே அதை மனதில் வைத்து வாங்குங்கள். தோலை மூடி பெயின்ட் அடித்தபின் முதுகில் இரண்டாவது ஆன்டெனாவுக்கு கேபிள் இழுப்பது எரிச்சலான வேலை.

பிஏபிஆர் ஒருமுறை பச்சையாக வந்ததோடு முடிந்துவிடவில்லை. டிரான்ஸ்பாண்டரிலோ ஜிபிஎஸ்ஸிலோ திரையிலோ மென்பொருள் புதுப்பித்தால், எந்தப் பெட்டியையாவது பழுதுக்கு அனுப்பி வாங்கிப் பொருத்தினால், அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்க வாய்ப்பு உண்டு. அடுத்த பறப்பு முடிந்ததும் இன்னொரு அறிக்கை கேளுங்கள். வருடாந்தர ஆய்வுப் பட்டியலிலேயே அதை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், கனெக்டரில் ஈரம் புகுந்து மெல்ல மெல்ல சக்தி குறைவதுகூட முன்கூட்டியே பிடிபடும்.